கல்லாகும் உமிழ்நீர்: நாய், பூனைகளின் வாய்க்குள் நடப்பது

ஏழெட்டு வயதான ஒரு பொமரேனியனின் மேலுதட்டைக் கடைவாய்ப் பக்கமாக விரலால் சற்றே உயர்த்திப் பாருங்கள். முன்பற்கள் ஓரளவு வெள்ளையாக இருக்க, கன்னத்தை ஒட்டிய பெரிய பல் மட்டும் பழுப்பு நிறக் காரை பூசியதுபோல் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். காரை முடியும் இடத்தில் ஈறு சிவந்து, மெல்லிய கோடாகத் தடித்திருக்கும். இன்னும் சற்று நெருங்கினால் நாற்றம் முகத்தில் அடிக்கும். நாயின் வாய் என்றால் நாறத்தானே செய்யும் என்று நம்மில் பலரும் உதட்டைக் கீழே விட்டுவிடுகிறோம். ஆனால் நோயற்ற நாயின் வாயில் அப்படிப்பட்ட வாடை வீசுவதில்லை. அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்த நாற்றம், ஈறுக்கு அடியில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் புரதங்களைச் சிதைக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது.

காரை ஏன் குறிப்பாக அந்தப் பல்லில் இவ்வளவு படிகிறது? வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. இவற்றுள் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்குகின்றன. நாயோ பூனையோ கறித்துண்டை அறுக்க வேண்டியிருந்தால், தலையை ஒருக்களித்து வாயின் ஓரத்தால் கடிப்பது இதனால்தான். கன்னத்தின் உட்புறத்தில், அந்த மேல்பல்லுக்கு நேர் எதிரேதான் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் வந்து திறக்கிறது. குழாய்நீர் ஓயாமல் சொட்டும் இடத்தில் தரையில் உப்புப் படிவதுபோல, உமிழ்நீர் முதலில் நனைக்கும் பல்லில் காரையும் முதலில் படிகிறது.

இந்த உமிழ்நீரில்தான் விஷயமே இருக்கிறது. மனிதரின் உமிழ்நீர் ஏறத்தாழ நடுநிலையானது. அதன் பிஎச் மதிப்பு பொதுவாக 6.5 முதல் 7 வரை இருக்கும். நாயின் உமிழ்நீரோ 7.5 முதல் 8.5 வரை, அதாவது காரத்தன்மை மிக்கது. பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்க வேண்டுமானால் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்க வேண்டும். நாயின் வாயில் அந்த அளவுக்கு அமிலம் தேங்குவது கடினம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதி அதன் உமிழ்நீரில் மிகவும் குறைவு. பற்கள் கூர்மையாகவும் இடைவெளியோடும் அமைந்திருப்பதால் உணவு அவ்வளவாக ஒட்டிக்கொள்வதுமில்லை. ஆகவே நம்மைப் படுத்தும் சொத்தைப்பல் நாய்களுக்கு அரிதாகவே வருகிறது. வந்தாலும் பெரும்பாலும் பின்கடைவாய்ப்பற்களின் தட்டையான மேற்பரப்பில்தான் வரும். பூனைக்கு அத்தகைய தட்டையான பரப்புகூட இல்லை. உண்மையான சொத்தை பூனைகளில் ஏறக்குறைய காணப்படுவதே இல்லை.

சொத்தையிலிருந்து காப்பாற்றும் அதே காரத்தன்மைதான் இன்னொரு பக்கம் கேடு செய்கிறது. காரச் சூழலில் உமிழ்நீரிலுள்ள கால்சியம் உப்புகள் எளிதில் திடமாகப் படிந்துவிடுகின்றன. சுத்தம் செய்த பல்லின்மேல் சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் கண்ணுக்குத் தெரியாத உறையாகப் படர்கின்றன. அதன்மேல் சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் குடியேறி, தங்களைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, ஒரு நாளுக்குள் பற்படலமாகின்றன. இந்தப் படலத்தை விரல்நகத்தால்கூட வழித்துவிடலாம். துடைக்காமல் விட்டால், இரண்டு மூன்று நாட்களில் அதற்குள் கால்சியம் உப்புகள் இறங்கி அது கல்லாக இறுகத் தொடங்குகிறது. அதன்பிறகு எந்தத் தூரிகையும் அதை அகற்றாது. வாரத்துக்கு ஒருமுறை பல் தேய்த்துவிட்டு மனநிறைவு அடைகிறவர்களுக்குப் பலன் கிடைக்காமல் போவது இந்தக் கணக்கினால்தான்.

ஆயினும், கண்ணுக்குத் தெரியும் காரை நேரடியாகச் செய்யும் தீமை சிறிதே. சொரசொரப்பான அதன் மேற்பரப்பு புதிய பாக்டீரியாக்கள் தொற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது; அதுதான் அதன் முதன்மையான குற்றம். உண்மையான சேதம் ஈறுக்குக் கீழே நடக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இயல்பாகவே ஒரு நுண்ணிய பள்ளம் உண்டு. நாய்க்கு அதன் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், பூனைக்கோ ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பற்படலம் இந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதும் அங்கே ஆக்சிஜன் குறைந்து, அதை விரும்பாத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. நாய்களில் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது போர்ஃபைரோமோனாஸ் குலே. மனிதரின் ஈறுநோயில் பெயர்பெற்ற போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸின் நெருங்கிய உறவு. இவற்றை எதிர்க்க உடல் அனுப்பும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள் பாக்டீரியாவை மட்டும் தாக்குவதில்லை. பல்லையும் தாடை எலும்பையும் பிணைத்து நிற்கும் நார்களையும் அவை அரிக்கின்றன, எலும்பு பின்வாங்குகிறது, பள்ளம் ஆழமாகிறது, ஆழமான பள்ளத்தில் இன்னும் அதிக பாக்டீரியா சேர்கிறது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டம் வரை முழுமையாகத் திரும்பிவிடலாம். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு, இழந்த இடம் தானாக மீள்வதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1975-இல் வெளியானது. ஸ்காண்டினேவிய ஆய்வாளர்களான யான் லிண்டே, ஹரால்டு லோ ஆகியோரும் உடன்பணியாற்றியவர்களும் பீகிள் நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து நான்கு ஆண்டுகள் கவனித்தனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் பல் துலக்கப்பட்டது. மற்றதற்குத் துலக்கவே இல்லை. துலக்கிய குழுவில் ஈறுகள் நான்கு ஆண்டுக்குப் பிறகும் நலமாக இருந்தன. துலக்காத குழுவில் ஈறு அழற்சியில் தொடங்கி, பெரும்பாலான நாய்களில் எலும்பு வரை நோய் இறங்கியிருந்தது. மனிதரின் பல்நோயைப் புரிந்துகொள்ளச் செய்யப்பட்ட ஆய்வு அது. நாய்க்குப் பல் துலக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

சிறிய நாய்களுக்கு ஆபத்து கூடுதல். பொமரேனியன், ஷிட்சு போன்றவற்றின் தாடை சுருங்கிய அளவுக்குப் பற்கள் சுருங்கவில்லை. பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பல சமயம் பால்பல் விழாமலேயே பக்கத்தில் நிரந்தரப் பல்லும் முளைத்து, இரண்டுக்கும் இடையில் முடியும் உணவும் சிக்குகின்றன. கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப்பல்லின் வேர் இவற்றில் ஏறக்குறைய தாடையின் அடி விளிம்பு வரை இறங்கியிருக்கும். அதைச் சுற்றிய எலும்பு கரைந்துவிட்டால், சோபாவிலிருந்து குதித்ததற்கே தாடை முறிந்துவிடக்கூடும். மேல்கோரைப்பல்லின் வேரோ வெளியே தெரியும் பகுதியைவிட நீளமானது. மூக்கின் உட்குழிக்கும் அதற்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே உள்ளது. அந்தத் தகடு ஓட்டையானால், நாய் ஓயாமல் தும்மும், ஒரு பக்க மூக்கில் சளி ஒழுகும். வீட்டில் உள்ளவர்கள் சளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் உறவினர் வீட்டு லாப்ரடாருக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்து, உடைந்து, ஆறி, மறுபடி வந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று இரண்டு மாதம் களிம்பு தடவினார்கள். கடைசியில் வாயைத் திறந்து பார்த்தபோது, மேலே சொன்ன அந்தக் கத்தரிப் பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து, பற்கூழ் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அதன் வழியே இறங்கிய தொற்று, வேர்நுனியில் சீழ்கட்டி, கண்ணுக்குக் கீழே வழி தேடியிருக்கிறது. வாரந்தோறும் அன்போடு போட்ட நல்லி எலும்புகளின் வேலை அது. மனிதப் பல்லின் எனாமல் சில இடங்களில் 2.5 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும். நாய்க்கு அது பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை, பூனைக்கு அதிலும் பாதிதான். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியாத எதுவும், அது எலும்பானாலும் மான்கொம்பானாலும் மாட்டுக் குளம்பானாலும், கடிக்கக் கொடுக்கத் தக்கதன்று. இத்தனைக்கும் அந்த லாப்ரடார் ஒரு வேளைகூடச் சாப்பாட்டைத் தள்ளவில்லை. நாயும் பூனையும் வாய்வலியை மறைப்பதில் தேர்ந்தவை. ஒரே பக்கமாக மெல்வது, வாயிலெடுத்த உணவைக் கீழே போடுவது, முகத்தைப் பாதத்தால் தேய்ப்பது ஆகியவைதாம் நமக்குக் கிடைக்கும் குறிப்புகள்.

சாதாரண உலர் உணவும் பல்லைச் சுத்தம் செய்வதில்லை. பல்லின் நுனி பட்டதுமே அது நொறுங்கிவிடுவதால் ஈறின் விளிம்பை எட்டுவதில்லை. பல்நலத்துக்கென்றே தயாரிக்கப்படும் உலர் உணவில் துண்டுகள் பெரியவை. உடையாமல் பல்லை உள்வாங்கி உரசும்படி அதன் நார்கள் அமைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு காரை இறுகாமல் தடுக்கும் பாலிபாஸ்பேட் சேர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் 1997 முதல் செயல்படும் வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் என்ற அமைப்பு, சோதனையில் தேறிய பொருட்களுக்குத் தன் முத்திரையை வழங்குகிறது. உறையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

துலக்குவதற்கு இவை ஈடாகா. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று நமக்குச் சொன்ன முன்னோர் நாய்க்கு ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. குழந்தைகளுக்கான மென்மையான தூரிகை போதும். முதல் சில நாட்கள் உதட்டைத் தொட்டுவிட்டு ஒரு தின்பண்டம் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். பிறகு விரலில் பசையைத் தடவி நக்கவிட்டு, அதன்பின் தூரிகைக்கு வர வேண்டும். தூரிகையை ஈறின் விளிம்பை நோக்கி 45 பாகை சாய்த்து, பற்களின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்கிறது. நாம் பயன்படுத்தும் பற்பசை கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, ஃபுளூரைடும் நுரையும் வயிற்றுக்குள் போகும். சில பசைகளில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் கணையத்தைத் திடீரென இன்சுலினைக் கொட்டவைத்து, இரத்தச் சர்க்கரையை உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். கோழிக்கறிச் சுவையில் விற்கும் விலங்குகளுக்கான பசையே சரி.

ஏற்கெனவே கல்லாகிவிட்டதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், அதுவும் மயக்க மருந்து கொடுத்து. மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் சேவைகள் வெளியே தெரியும் காரையை மட்டும் சுரண்டி எடுக்கின்றன. பல் பளபளக்கும், ஈறுக்கடியில் நோய் அப்படியே தொடரும். வீட்டுக்காரர் நிம்மதியாக இன்னோர் ஆண்டைக் கடத்துவார் என்பதால், இதை ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மோசம் என்றே சொல்வேன். முறையான சிகிச்சையில், மூச்சுக்குழாய்க்குள் நீர் இறங்காதபடி குழாய் பொருத்தி, எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, மீயொலிக் கருவியால் ஈறுக்கு மேலும் கீழும் காரையை உதிர்த்து, இறுதியில் மெருகேற்றுவார்கள். சுரண்டியதால் விழுந்த நுண்கீறல்களை மெருகு சமன்செய்யாவிட்டால் பாக்டீரியா முன்னைவிட வேகமாகத் திரும்பிவரும்.

பூனையின் கதை இங்கிருந்து பிரிகிறது. ஈறுநோய் அதற்கும் உண்டு. ஆனால் அதை அடிக்கடி தாக்கும் ஒரு விசித்திரமான நோயும் உள்ளது. பால்பல் விழுவதற்காக அதன் வேரைக் கரைக்கும் உயிரணுக்கள், காரணம் தெரியாமல், நிரந்தரப் பல்லையே கரைக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பக்கவாட்டில் முதலாவதாக நிற்கும் சிறிய முன்கடைவாய்ப்பல்லில் இது தென்படும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு குழி விழுந்து, ஈறு அதற்குள் சிவப்பாக ஏறி நிற்கும். அந்த இடத்தில் கருவி பட்டால், மயக்கத்தில் இருக்கும் பூனையின் தாடைகூடத் துடிப்பதுண்டு. துலக்கி இதைத் தடுக்க முடியாது, அடைத்தும் நிறுத்த முடியாது. பல்லை எடுப்பதுதான் வழி. வேர் முழுக்க எலும்பாக மாறிவிட்டதா என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து, மாறியிருந்தால் மேற்பகுதியை மட்டும் வெட்டி ஈறைத் தைத்துவிடுவார்கள்.

இன்னும் சில பூனைகளுக்கு வாயின் பின்பகுதி முழுவதும் ரணமாகிவிடும். பூனைகளைத் தொற்றும் காலிசிவைரஸ் என்ற கிருமி அவற்றின் வாயில் அடிக்கடி காணப்படுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் பற்படலத்தின்மீது அளவுமீறிச் சினந்ததுபோல் நடந்துகொள்கிறது. அத்தகைய பூனை பசியோடு தட்டுக்கு ஓடிவரும், ஒரு கவளம் எடுத்ததும் சீறிப் பின்வாங்கும். கடைவாய்ப்பற்கள் அனைத்தையும், சில சமயம் ஒன்றுவிடாமல் எல்லாப் பற்களையும் எடுத்துவிடுவதே இதற்கு நன்கு பலன்தரும் சிகிச்சை. பல்லில்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று கேட்காத வளர்ப்பவர் இல்லை. தையல் ஆறும் வரை இரண்டு வாரம் மசித்த உணவு வேண்டும். பிறகு, கடிக்கப் பல் இருந்த நாட்களிலும் உலர் உணவில் பாதியை மெல்லாமல் விழுங்கிவந்த அந்தப் பூனை, முழுவதையும் அப்படியே விழுங்கிக்கொள்ளும்.