நியர் மிஸ் பதிவேடு காலியாக இருக்கிறதா? பெருமைப்படாதீர்கள்

போன மாதம் இன்னொரு விரல் போயிற்று. பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்), இரவு ஷிப்ட். கம்பெனி பெயர் வேண்டாம், எந்தத் தொழிற்பேட்டையில் கேட்டாலும் இதே கதைதான்.

கை உள்ளே போகாமலிருக்க, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். விசாரணைக்குப் போனால், அதில் ஒன்றில் மரக்குச்சியைச் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. டேப்பின் மேல் எண்ணெய் அழுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. பல நாளாக அப்படியேதான் ஓடியிருக்கிறது. லைனில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. கேட்டதற்கு ஒரு பையன், "போன தடவை சொன்னப்ப, 'மெஷினை நிறுத்தச் சாக்கு தேடுறியா'ன்னு சூப்பர்வைசர் அண்ணன் எல்லார் முன்னாடியும் கேட்டாரு சார்" என்றான்.

விபத்துக்குக் காரணம் என்று நான் அந்தக் கேள்வியைத்தான் எழுதுவேன். ஆனால் படிவத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்றுதான் போகும்.

"பயம் இருந்தால்தான் சார் வேலை நடக்கும்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பயத்தில் வேலை நடக்கும், சரி. ஆனால் பயந்தவன் திட்டு விழாத விஷயத்தை மட்டுமே உங்கள் காதுக்குக் கொண்டுவருவான். மற்றதெல்லாம் டீ கடையில் பேசப்படும். நீங்களோ லைன் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நியர் மிஸ் பதிவேடு என்றால், விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியதை எழுதிவைக்கும் நோட்டு. ஆடிட்டுக்குப் போனால் அதைக் காலியாகப் பெருமையோடு நீட்டுகிறார்கள். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் மாதம் முழுக்க ஒரு ஸ்பானர்கூடக் கை நழுவவில்லையாம்!

சொன்னாலும் மேலே இருப்பவர் காது கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் கேஎல்எம் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் கேப்டன் அனுமதி வராமலேயே விமானத்தைக் கிளப்பினார். எதிரே இருந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்கத்தான் செய்தார். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார், பெயர் பெற்ற பயிற்சியாளரான அந்த கேப்டன். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் இளையவர் துணிந்து சொல்லவும் கேப்டன் காது கொடுக்கவும் விமானத் துறை பயிற்சி தரத் தொடங்கியது. டொயோட்டா கார் ஆலையில், கோளாறு கண்ட தொழிலாளி அதற்கென்றே லைனில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் டீம் லீடர் ஓடி வருவார், திட்ட அல்ல, உதவி செய்ய.

சூப்பர்வைசர் தம்பிகளே, கோளாறு என்று ஒருவன் வந்தால் முதலில் மெஷினை நிறுத்துங்கள், கேள்வி அப்புறம். அவன் சொன்னது தப்பாகவே இருந்தாலும் நாலு பேர் முன்னால் நக்கல் வேண்டாம். அடுத்த ஷிப்ட் தொடங்கும்போது அதற்கு என்ன செய்தோம் என்று அவனிடமே சொல்லுங்கள். ஸ்பேர் வரவில்லையா, அதையாவது சொல்லுங்கள்.

டார்கெட் அழுத்தம் உங்களுக்கும் இருக்கிறது, தெரியும். ராத்திரி லைன் நின்றால் காலையில் ஏச்சு உங்களுக்குத்தான். அதனால் பிளான்ட் ஹெட்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பாதுகாப்புக்காக லைனை நிறுத்திய சூப்பர்வைசரைக் காலை மீட்டிங்கில் நிற்க வைத்துக் கணக்குக் கேட்காதீர்கள். அன்று ராத்திரி பிரஸ் முன்னால் நிற்கும் பையனிடம் அவர் அதையேதான் செய்வார்.