படிமுறை விலை: ‘ஆல்’ கருவியா, கருத்தாவா?

“ஆள் பார்த்து விலை சொல்கிறான்” என்று சந்தையில் முணுமுணுத்திருப்போம். அதே வேலையை மென்பொருள் செய்தால் ‘அல்காரிதமிக் பிரைசிங்’ என்கிறார்கள். நாம் இருக்கும் இடம், முன்பு வாங்கியவை, தேடியவை எல்லாவற்றையும் அலசி, ஒரே சோப்புக்கு உங்களுக்கு ஒரு விலையும் எனக்கு வேறொரு விலையும் காட்ட அதனால் முடியும். சந்தையிலாவது பக்கத்தில் நிற்பவருக்குச் சொன்ன விலை காதில் விழும். கைபேசித் திரையில் அதுவும் இல்லை.

‘அல்காரிதம்’ ஓர் இடப்பெயரில் பிறந்த சொல். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. ‘குவாரிஸ்ம் நாட்டவர்’ என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். இந்திய எண்முறை பற்றி அவர் எழுதிய நூல் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது, பெயர் ‘அல்கோரிட்மி’ ஆயிற்று. முதலில் இந்திய எண்களால் கணக்குப் போடும் முறையைக் குறித்த சொல், பிறகு படிப்படியான எந்தச் செய்முறைக்கும் பெயராகிவிட்டது.

தமிழில் வழிமுறை, படிமுறை, நெறிமுறை என மூன்றும் வழங்குகின்றன. நெறிமுறை எனக்கு உடன்பாடில்லை. தேர்தல் நடத்தை நெறிமுறை என்று அது ஏற்கெனவே ஒழுக்கத்தின் பக்கம் போய்விட்டது. ‘நெறிமுறை விலை’ என்றால் நியாய விலைக் கடை அல்லவா நினைவுக்கு வரும்! வழிமுறை மிகப் பொது. படிமுறை பொருந்துகிறது. விலையோ ‘வில்’ என்ற வினையிலிருந்து வந்த நம் பழஞ்சொல். ஆகவே, படிமுறை விலையிடல்.

இதன் ஒரு வகையைத்தான் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டம் ஒன்று குறிவைக்கிறது. பண்டிகை நாளில் ஆம்னி பஸ் கட்டணம் ஏறுவது நேரம் பார்த்த விலை. அந்தச் சட்டத்தின் கவலை ஆள் பார்த்த விலை. 2025 மே மாதம் கையெழுத்தான இச்சட்டத்தை எதிர்த்து, கடைக்காரரை ஓர் அறிவிப்பு வாசகம் காட்டக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கு முரண் என்று சில்லறை வணிகர் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய, நவம்பர் 10 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தூரத்தையும் பயண நேரத்தையும் மட்டும் கொண்டு கணக்கிடும் வாடகைக் கார் கட்டணத்துக்கு விலக்கு உண்டு.

சட்டம் ஆள் பார்த்து விலை வைப்பதைத் தடுக்கவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்கிறது. பொருளியல் பாடத்தில் இது ‘விலைப் பேதம்’, வெறும் வணிக உத்தி. அந்தப் பேதம் இனத்தையோ பாலினத்தையோ பார்த்து வந்தால் பேதம் என்ற மென்மையான சொல் போதாது, அது பாகுபாடு.

விலையருகே கடைக்காரர் காட்ட வேண்டிய வாசகத்தையும் சட்டமே தருகிறது, முழுக்க ஆங்கிலத்தின் ‘கேப்பிட்டல்’ எழுத்தில். (தமிழில் அந்த வசதி இல்லை.) நேராகப் பெயர்த்தால்: ‘இந்த விலை உங்கள் தனிப்பட்ட தரவைப் பயன்படுத்தி ஒரு படிமுறையால் நிர்ணயிக்கப்பட்டது.’

இந்த ‘ஆல்’தான் உறுத்துகிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் (செய்பவர்) உண்டு. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் கருவி; ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்பதில் தச்சன் கருத்தா. படிமுறை இதில் எது? வாசகத்தைப் படித்தால் கருத்தா போலத் தெரிகிறது, கடைக்காரரைக் காணோம். ஆனால் மீறல் ஒன்றுக்கு 1,000 டாலர் வரையிலான அபராதம் படிமுறை மீது விழாது, கடை மீதுதான் விழும். தமிழில் எழுதும் வாய்ப்பு வந்தால் நான் இப்படித்தான் எழுதுவேன்: ‘உங்கள் தரவைப் படிமுறையில் இட்டு, இந்த விலையை நாங்கள் வைத்திருக்கிறோம்.’