வாணலி எண்ணெய் டீசலாகும் வேகம்

காசிமேட்டில் மீன் வறுத்த எண்ணெயும் ராயபுரத்தில் பஜ்ஜி சுட்ட எண்ணெயும் பயோடீசலாக எவ்வளவு நேரம் பிடிக்கும்? திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்களான மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கழித்த எண்ணெய் மலிவு விலையில் இன்னொரு வாணலிக்குப் போய்ச் சேர்வது கொடுமை. அது எஞ்சினுக்குப் போகட்டும் என்று விரும்புகிறவர்கள் இந்தக் கேள்விக்கான விடையைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. மெத்தனால் என்ற ஆல்கஹால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எஸ்டர் என்ற சேர்மமாக்குகிறது. அந்த எஸ்டர்தான் பயோடீசல். டிரைகிளிசரைடு, டைகிளிசரைடு, மோனோகிளிசரைடு, கடைசியில் கிளிசரால் என மூன்று படிகள். மூன்றும் பின்னோக்கியும் நடக்கும். அதனால்தான் ஒரு பங்கு எண்ணெய்க்குக் கணக்குப்படி 3 பங்கு மெத்தனால் போதுமென்றாலும், மோல் அளவில் (மூலக்கூறுகளின் எண்ணிக்கைப்படி) 6 பங்கு ஊற்றுகிறார்கள்.

ஒரு கண்ணாடிக் குடுவையில் இரண்டையும் ஊற்றிப் பாருங்கள். மெத்தனால் மேலே தெளிவாக நிற்கும், எண்ணெய் கீழே மஞ்சளாகக் கிடக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வினையூக்கியோ மெத்தனாலில்தான் கரைந்திருக்கிறது. ஆகவே வினை இரண்டும் தொடும் எல்லையில் மட்டுமே நடக்கும், மந்தமாகத் தொடங்கும். வேகமாகக் கலக்கினால் துளிகள் பொடியாகி, தொடும் பரப்பு பெருகும். எஸ்டர் உருவாக உருவாக அதுவே இரண்டையும் கலக்க உதவ, வினை சட்டென்று பாய்கிறது. மீதமுள்ள எண்ணெய் குறைந்ததும் மறுபடி தளர்கிறது. வரைபடத்தில் இது நீட்டிய 'எஸ்' எழுத்தாக விழும். வினைவேகவியலில் எனக்கு மிகப் பிடித்த வளைவு இது.

வெப்பநிலையும் முக்கியம். 1984ல் வெளியான ஆய்வில், சுத்திகரித்த எண்ணெய் 60 டிகிரியில் ஒரு மணி நேரத்திலும், 32 டிகிரியில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்திலும் மாறி முடிந்தது. 32 டிகிரி சென்னையின் சாதாரணப் பகல்! மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிப்பதால் அதற்குக் கீழேயே நிறுத்துகிறார்கள். அதன் ஆவி நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கும். வீட்டில் முயலக் கூடாது.

வாணலி எண்ணெய்க்கு வேறொரு சிக்கல் உண்டு. மீனிலும் மாவிலும் உள்ள நீர், கொதிக்கும்போதே எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலத்தைப் பிரித்துவிடுகிறது. அந்த அமிலம் வினையூக்கியை விழுங்கிச் சோப்பாகிறது. சோப்பு வந்தால் கிளிசரால் கீழே பிரிந்து இறங்காது. எனவே முதலில் நீரை ஆவியாக்கி, அமிலம் அதிகமென்றால் கந்தக அமிலத்தின் துணையோடு அதையும் எஸ்டராக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

முடிவில் சமநிலை வந்து வினை நின்றால், அடியில் தேங்கிய கிளிசராலை வடித்துவிட்டுப் புதிய மெத்தனாலும் வினையூக்கியும் சேர்க்க வேண்டும். விளைபொருள் ஒன்று விலகியதால் வினை மீண்டும் முன்னோக்கி நகர்கிறது.