பனி காயும் முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கு ‘பிரெய்ரி மாநிலம்’, அதாவது புல்வெளி மாநிலம் என்றே பட்டப்பெயர். ஆனால் அந்த ஆதிப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. அதனால்தான் அங்கே என்னோடு மேக்ரோ படமெடுக்க, அதாவது பூச்சிகளை மிக நெருக்கத்தில் பெரிதாகப் படமெடுக்க, வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: பூச்சியைப் பிடிக்கக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து அசையாமல் ஆக்கிப் படமெடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒருமுறை ஒருவர் டப்பாவோடே வந்திருந்தார். அப்படி எடுத்த படம் பெரும்பாலும் பார்த்ததுமே தெரிந்துவிடும். கால்கள் தண்டைப் பற்றியிருக்காது, யாரோ எடுத்து வைத்தது போலிருக்கும். பாவம், அந்த உயிருக்கு எதற்கு அந்த அவதி? இரவுக் குளிரே நமக்கான வேலையைச் செய்து வைத்திருக்கிறது.

ஆகஸ்டில் விடிவதற்கு முன் போங்கள். மெலிசோடஸ் என்ற நீள உணர்கொம்புத் தேனீக்களில் ஆணுக்குக் கூடு கிடையாது. தண்டையோ பூவையோ தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கும். சில சமயம் ஒரே பூவில் நாலைந்து. உடம்பெல்லாம் பனித்துளி. உடல் சூடேறினால்தான் அவற்றால் பறக்க முடியும். அதுவரை நிதானமாக ட்ரைபாடை ஊன்றலாம். பூச்சி கேமராவின் சென்சாரில் நிஜ அளவிலேயே விழும் 1:1 அளவில், லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். கேமராவைத் தேனீயின் பக்கவாட்டுக்கு இணையாக வைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். ஃபிளாஷ் என்றால் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் கட்டாயம்.

குறுக்கே நிற்கும் தண்டை வெட்டாதீர்கள். துணி கிளிப்பால் ஒதுக்கி, அப்புறம் விட்டுவிடுங்கள். காய்ந்த தண்டுக்குள் ஏதோவொரு தேனீயின் புழு இருக்கலாம். நம்மூர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீடைத் தொடும் முன் இலையின் அடியைப் பாருங்கள். மோனார்க் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான்.

உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் பாருங்கள்.

உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த, பருத்த பம்பிள் தேனீ கிடைத்தால் முதுகையும் ஒரு படம் எடுங்கள். வயிற்றுப் பகுதியின் மேற்புறத்தில், இரண்டாம் கண்டத்தில் துரு நிறத் திட்டு இருந்தால், அது 2017இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்ட தேனீயாக இருக்கலாம். படத்தைத் தேதி, இடத்தோடு அந்தப் புல்வெளியைப் பராமரிப்பவர்களிடம் கொடுங்கள். இணையத்தில் போடும்போது மட்டும் இடத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள்.