இரட்டைப் பாயின்டரும் நினைவக ஒதுக்கீடும்: மதிப்பாய்வில் தொடர்ந்து தென்படும் பிழைகள்

சி மொழி நிரல்களை மதிப்பாய்வு செய்கையில் மீண்டும் மீண்டும் கண்ணில் படும் பிழை ஒன்று உண்டு. ஒரு செயற்கூறு (function) பாயின்டர் ஒன்றை, அதாவது நினைவக முகவரியைத் தாங்கும் மாறியை, அளபுருவாகப் (parameter) பெற்று, நினைவகம் பெற்றுத்தரும் மாலக் (malloc) மூலம் இடம் ஒதுக்கி, கிடைத்த முகவரியை அதே அளபுருவில் இட்டுத் திரும்பிவிடுகிறது. அழைத்த இடத்தில் உள்ள பாயின்டரோ சற்றும் மாறுவதில்லை. சி எதையும் மதிப்பாகவே அனுப்புகிறது என்பதால், செயற்கூற்றுக்குக் கிடைப்பது முகவரியின் நகல் மட்டுமே. ஒதுக்கிய இடத்தை விடுவிக்க எவரிடமும் முகவரி இராது, நினைவகம் கசிந்துவிடும். அழைப்பவரின் பாயின்டரையே மாற்ற வேண்டுமெனில், அது இருக்கும் இடத்தின் முகவரியை அனுப்ப வேண்டும்; பாயின்டரின் முகவரியைத் தாங்கும் இரட்டைப் பாயின்டரின் தேவை இங்குதான் எழுகிறது. புதிய முகவரியைத் திருப்பியனுப்பினாலே போதுமான இடங்களில் அதுவே தெளிவான வழி என்பது என் கருத்து.

ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் (realloc) இன்னும் கவனம் கோருவது. அது தோல்வியுற்றால் எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டரைத் (NULL) தரும், பழைய இடமோ அப்படியே இருக்கும். விடையைப் பழைய மாறியிலேயே நேரடியாக இட்டவர் அந்த இடத்தின் முகவரியை இழந்துவிடுகிறார். ஆகவே தற்காலிக மாறியில் பெற்று, சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும். வெற்றி பெற்றாலும் தரவு வேறிடத்துக்கு நகர்ந்திருக்கலாம்; பழைய முகவரியை வேறு மாறிகளில் சேமித்து வைத்திருந்தால் அவை அனைத்தும் செல்லாதவையாகிவிடும்.

இரு பரிமாண அணியை வரிசை வரிசையாக ஒதுக்கும்போது, முதலில் வேண்டுவது ஒவ்வொரு வரிசையையும் சுட்டும் பாயின்டர்களுக்கான இடம். வழக்கமான 64 பிட் கணினியில் முழு எண்ணுக்கு 4 பைட், பாயின்டருக்கு 8 பைட். 100 வரிசைகளுக்கு 800 பைட் தேவைப்பட, முழு எண்ணின் அளவைக் கொண்டு கணக்கிட்டால் 400 பைட்தான் கிடைக்கும். இத்தகைய நிரல் சில காலம் ஓடிவிட்டு, தொடர்பே இல்லாத இடத்தில் முறியக்கூடும். அளவைப் பைட்டில் தரும் சைஸ்ஆஃப் (sizeof) செயற்குறியில் தரவு வகையின் பெயரை எழுதாமல், பாயின்டர் சுட்டும் பொருளையே கொடுத்தால் இப்பிழை நேராது.

விடுவிக்கும்போது வரிசைகள் முதலில், அவற்றைச் சுட்டும் அணி கடைசியில். பலரும் மறப்பது வேறொன்று: நடுவில் ஒரு வரிசைக்கு இடம் கிடைக்காமற்போனால், அதுவரை ஒதுக்கியவற்றை விடுவித்த பின்னரே வெளியேற வேண்டும். இந்தப் பாதை அன்றாடச் சோதனைகளில் ஓடுவதே இல்லை. ஆகவே, குறிப்பிட்ட அழைப்பில் தோல்வியைத் தரும் மாற்று ஒதுக்கீட்டுச் செயற்கூறு ஒன்றை எழுதி, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் (Valgrind) கருவியின் கண்காணிப்பில் அந்தப் பாதையை வலிந்து ஓட்டிப் பார்க்குமாறு எங்கள் குழுவில் வற்புறுத்தி வருகிறேன்.