இறங்கும் இரத்தத்தை நிறுத்தும் வால்வு: ஆழ்சிரை அறுவை சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஓட்டியவர்களுக்குப் புட்வால்வு பழுதானால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயின் அடியிலுள்ள அந்த மூடி சரியாகப் படியாவிட்டால், மோட்டாரை நிறுத்திய சிறிது நேரத்தில் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுபடி ஓட்டுவதற்குக் குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டியிருக்கும். எங்கள் கிணற்றில் ஒருமுறை பட்டாணி அளவுள்ள ஒரு கல் மூடிக்கடியில் சிக்கி, இரண்டு நாள் பாய்ச்சல் நின்றுபோனது.

காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளிலும் இப்படிப்பட்ட மூடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வால்வும் இரண்டு மெல்லிய இதழ்களால் ஆனது. இரத்தம் மேலே போகும்போது இதழ்கள் விலகும், கீழே திரும்ப முற்பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைக்கும். கெண்டைக்கால் தசைதான் இங்கே மோட்டார். நடக்கும்போது அது சுருங்கித் தசைகளுக்கிடையே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது.

அசையாமல் நிற்கும்போது ஆரோக்கியமான காலிலும் கணுக்கால் சிரையின் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் இரத்தத்தின் எடை அது. சிரைகள் நிரம்பிவிட்டால் வால்வுகள் திறந்தே இருப்பதால், அந்த எடையை அவை தாங்குவதில்லை. வேறுபாடு நடக்கும்போதுதான் தெரியும். நல்ல காலில் சில எட்டுகளுக்குள் அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும், நின்ற பிறகு அது பழைய நிலைக்கு ஏற 20 நொடிக்கு மேல் ஆகும். வால்வு கெட்ட காலிலோ பிழியப்பட்ட இரத்தம் உடனே திரும்பி இறங்குவதால் எவ்வளவு நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு குறைவதில்லை. பல ஆண்டுகள் இப்படியே போனால் கணுக்காலைச் சுற்றி வீக்கமும், தோலில் பழுப்புக் கறையும், இறுதியில் உட்புறக் கணுக்கால் எலும்புக்கு அருகே ஆறாத புண்ணும் வருகின்றன. நாள் முழுதும் ஒரே இடத்தில் நின்று தக்காளி தரம் பிரிப்பவர்களையும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் நிற்பவர்களையும் இந்நோய் வாட்டுவதில் வியப்பில்லை.

நம் பக்கத்தில் சிரையையும் நரம்பு என்றே சொல்வதால், ‘நரம்பு சுருட்டல்’ என்ற ஒரே பெயருக்குள் இரு வேறு நோய்கள் அடங்கிவிடுகின்றன. தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் மேற்சிரை கெட்டால் அதை எடுத்துவிடலாம், அல்லது லேசரால் அடைத்துவிடலாம். இரத்தம் ஆழ்சிரை வழியாகப் போய்க்கொள்ளும். ஆழ்சிரைதான் பிரதான வழி என்பதால் அதை அப்படி எடுத்துவிட முடியாது, வால்வையே சரிசெய்தாக வேண்டும். எனவேதான் மருத்துவர்கள் முதலில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இரத்தம் பின்னோக்கி ஓடும் நேரத்தைப் பார்க்கிறார்கள். தொடைச் சிரையில் ஒரு நொடிக்கு மேல் ஓடினால் அது பழுது. பிறகு மேற்சிரையைச் சரிசெய்து, இடுப்புச் சிரையில் அடைப்பிருந்தால் அதை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து, அழுத்தக் காலுறை அணிவித்துப் பார்த்து, புண் அப்போதும் ஆறாதவர்களுக்கே ஆழ்சிரை அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையை மாற்றி அறுவையில் தொடங்குவது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதழ்கள் முழுமையாக இருந்தும் தளர்ந்து தொங்குவது ஒரு வகை. 1968-இல் ஹவாயில் அறுவை மருத்துவர் ராபர்ட் கிஸ்ட்னர் இத்தகைய வால்வை முதன்முதலில் தைத்துச் சரிசெய்தார். தொடையிடுக்கில் கீறி, தொடைச் சிரையைத் தனியே எடுத்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து கொடுத்து, இருபுறமும் இரத்தத்தை நிறுத்தி, இரு இதழ்கள் சந்திக்கும் மூலையை ஒட்டிச் சிரையைத் திறக்கிறார்கள். வெங்காயச் சருகுபோல ஏறக்குறைய ஒளி ஊடுருவும் அந்த இதழ்களின் தொங்கும் விளிம்பை, உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்துகொண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் மூலைப் பக்கமாகக் கொசுவி இறுக்குகிறார்கள். அளவு தவறினால் இதழ் கிழியும், அல்லது மூடாமலே போகும். தைத்து முடித்ததும் சோதனை அங்கேயே நடக்கிறது: வால்வுக்குக் கீழுள்ள பகுதியின் இரத்தத்தை விரலால் வழித்துவிட்டு, அதன் கீழ்ப்புறத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். மேலே சிரை நிரம்பியிருக்க, கீழே அது சப்பையாகவே கிடந்தால் வால்வு பிடிக்கிறது என்று பொருள்.

இரத்தம் உறைந்து, பின்னர் அந்த உறைவு கரையும்போது இதழ்களையே தின்றுவிட்ட காலில் தைப்பதற்கு எதுவும் இருக்காது. அப்போது கெட்ட சிரையை வெட்டி, வால்வு நன்றாக உள்ள பக்கத்துச் சிரையோடு இணைக்கிறார்கள். அல்லது அக்குள் சிரையிலிருந்து வால்வுள்ள சிறு துண்டை எடுத்துக் காலில் வைத்துத் தைக்கிறார்கள். தடித்துப்போன சிரைச் சுவரையே உரித்துப் புதிய இதழாக்கும் முறையை இத்தாலிய அறுவை மருத்துவர் ஆஸ்கார் மலெட்டி உருவாக்கினார்.

தளர்ந்த இதழைத் தைத்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நல்ல பலன் நீடிக்கிறது. உறைவால் கெட்ட கால்களில் அது பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. தைத்த இடத்தில் மீண்டும் உறையாமலிருக்கச் சில மாதங்களேனும் உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும். காலுறையையும் அறுவை முடிந்தவுடன் கழற்றிவிட முடியாது. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரியில் அதைப் போட்டுக்கொண்டு மாந்தோப்புக்குப் போவது எளிதல்ல. ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் வீங்குவதற்கு முன்பே அணிந்து, இரவில் படுக்கும்போது மட்டும் கழற்றச் சொல்கிறார்கள்.