எண்ண வேண்டியது வண்டியையா, ஆளையா?

போக்குவரத்துப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு சந்திப்பில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவது. கார் வந்தால் 1, பஸ் வந்தால் 3. ஒரு பஸ் மூன்று கார்களின் இடத்தை அடைக்கும் என்பது எங்கள் கணக்கு. அந்த பஸ்ஸுக்குள் 60 பேர் இருக்கிறார்களா, 6 பேரா என்று எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை. அந்தக் குறையின் அளவு எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. வண்டிகளை மட்டும் எண்ணினால், வண்டிகள் நகரத்தான் வழி தேடுவோம்.

சரி, ஆட்களை எண்ணிப் பார்ப்போம். கார்களுக்கு நடுவே 2 வினாடி இடைவெளி தேவை. அதனால் தடையே இல்லாத ஒரு தடத்தில்கூட மணிக்குச் சுமார் 1,800 கார்கள்தான் போகும். சிக்னல் பாதி நேரம் சிவப்பு என்றால் 900. காருக்குச் சராசரியாக ஒன்றரைப் பேர் என்று வைத்தால் 1,350 பேர். அதே தடத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் 1,800 பேர் போய்விடுவார்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு. கார்த் தடம் நிரம்பி நிற்கும், பஸ் தடம் பெரும்பாலான நேரம் வெறிச்சோடிக் கிடக்கும். நெரிசலில் தவிப்பவருக்கு அது வீணான இடமாகத் தெரிவது இயல்புதான். பஸ் தடத்தை எடுத்துவிடுங்கள் என்று என்னிடம் வந்த கோரிக்கைகள் பலவும் அந்தக் காட்சியிலிருந்து பிறந்தவை. அந்தத் தடம் காலியாக இருப்பதால்தான் பஸ் நேரத்துக்கு வருகிறது. அதிலும் கார்களை விட்டால் பஸ்ஸும் சேர்ந்து நிற்கும். அப்புறம் பஸ்ஸில் வருபவர்களும் கார் வாங்கி அதே வரிசையில் வந்து சேருவார்கள்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000-ல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற பஸ் சேவை, பஸ்களுக்கென்றே தனித் தடமும், ஒன்றையொன்று முந்த நிலையங்களில் கூடுதல் தடமும் அமைத்தது. உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000-க்கும் மேற்பட்டவர்களை அது ஏற்றிச் சென்றிருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையோ 2008-ல் சில இடங்களில் 26 தடம் வரை அகலமானது. சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. சாலை விரிந்ததும், அதுவரை அந்த நேரத்தைத் தவிர்த்தவர்களும் வண்டியை எடுத்தார்கள்.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடுகள் சிதறிக் கிடக்கும் இடங்களில், நள்ளிரவில், நடக்க முடியாதவர்களுக்கு அதுதான் சரியான வண்டி. காலி பஸ்ஸை ஓட்டுவதில் திறன் எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகும் சாலையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இப்போது என் தாளில் ஆட்களுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒரு பஸ் நெருங்கும்போது பச்சை விளக்கை 5 வினாடி நீட்டினால், குறுக்குச் சாலையில் 20 கார்களில் இருக்கும் 30 பேர் கூடுதலாக 5 வினாடி காத்திருப்பார்கள். பஸ்ஸில் இருக்கும் 60 பேருக்கு ஒரு முழுச் சிவப்பு மிச்சமாகும்.